வ.உ.சி.யும் கோரல் மில் தொழிலாளரும்: 9 நாளில் வென்ற வேலைநிறுத்தமும் அதற்குக் கொடுத்த விலையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை வடக்கே வேம்பாரில் தொடங்கி தெற்கே பெரியதாழையில் முடிகிறது. இந்தக் கரையில் எந்த ஊரில் போய் வ.உ.சி. யார் என்று கேட்டாலும் கப்பல் விட்டவர் என்றுதான் பதில் வரும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். 1961ல் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் படம் அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

ஆனால் ஒரு விஷயம். அந்தக் கப்பல் கம்பெனி 1906ல் பதிவாகி, 1911ல் கலைக்கப்பட்டுவிட்டது. வ.உ.சி. தலைமையேற்று நடத்தி, கேட்டது கிடைத்து, வெற்றியோடு முடிந்த போராட்டம் எது என்று தேடினால் வேறொன்று கிடைக்கும். 1908 பிப்ரவரி 27 முதல் மார்ச் 6 வரை தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்த வேலைநிறுத்தம் அது. மொத்தம் 9 நாள். அது முடிந்து 6 நாளில் அவர் கைதானார்.

அந்த 9 நாளில் என்ன நடந்தது? கப்பல் விட்ட வக்கீலுக்கும் பஞ்சாலைத் தொழிலாளருக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

யார் இந்த சிதம்பரம் பிள்ளை?

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை, அம்மா பரமாயி அம்மாள். அப்பா வக்கீல், வசதியான குடும்பம். மகனும் சட்டம் படித்து 1894ல் தேர்ச்சி பெற்றார். அடுத்த வருஷமே ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார்.

கிரிமினல் வழக்குகளில் நல்ல பெயர். ஏழைகளுக்குப் பணம் வாங்காமலும் வாதாடினார். போலீஸ் போட்ட வழக்குகள் அவர் வந்து நின்றால் தோற்றுப்போகும் என்ற நிலை வந்ததால் போலீஸாரோடு உரசலும் வந்தது. 1900ல் தூத்துக்குடிக்கு ஜாகை மாறினார்.

அன்றைய தூத்துக்குடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1876லேயே ரயில் வந்துவிட்ட ஊர். தனுஷ்கோடி வழி 1914ல்தான் திறந்தது. அதுவரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டும் என்றால் ரயிலில் தூத்துக்குடி வந்து இங்கிருந்துதான் கப்பல் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலியாள், கொழும்பில் கடை வைத்திருக்கும் வியாபாரி, அரிசி மூட்டை, கருவாட்டு மூட்டை எல்லாம் இந்த ஒரு வழிதான். முத்துக்குளித்தும் மீன் பிடித்தும் தோணி ஓட்டியும் பிழைத்த கடற்கரை ஊர்களிலிருந்தும் இலங்கைக்குப் போய்வந்தவர்கள் ஏராளம். அந்தக் கடல் வழியைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற ஆங்கிலேயக் கம்பெனி. அது வைத்ததுதான் கட்டணம்.

கப்பல் கம்பெனி எப்படி வந்தது?

1905ல் வங்காளத்தைப் பிரித்தபோது நாடெங்கும் சுதேசி இயக்கம் கிளம்பியது. மற்ற ஊர்களில் துணி, தீப்பெட்டி, சோப்பு என்று சுதேசிச் சரக்குகள் வந்தன. தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பலையே எடுத்தார்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார், அதாவது 2 லட்சம் ரூபாய். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவி சிறிது. ஆனால் பங்கு விற்க ஊர் ஊராக அலைந்தது அவர்தான்.

முதலில் வாடகைக் கப்பல்தான் ஓட்டினார்கள். ஆங்கிலேயக் கம்பெனி நெருக்கியதில் அது பாதியில் நின்றது. அப்புறம்தான் சொந்தக் கப்பல் வாங்கியே தீர வேண்டும் என்று இறங்கி, 1907ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றக்கூடியது.

பிறகு நடந்தது கட்டணச் சண்டை. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. எதிராளி கடைசியில் டிக்கெட்டே வேண்டாம் என்று சொல்லி, ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுத்த கதை இன்றும் தூத்துக்குடியில் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு பெயரைக் கவனிக்க வேண்டும்: ஏ அண்ட் எஃப் ஹார்வி. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற இரண்டு ஹார்விகளின் நிறுவனம். தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு ஏஜென்ட் இவர்கள்தான். கோரல் மில்லை நடத்தியதும் இவர்களேதான். கடலில் வ.உ.சி.யை எதிர்த்தவர்களிடம்தான் கரையில் தொழிலாளர்கள் கூலிக்கு இருந்தார்கள்.

கோரல் மில்லில் என்ன பிரச்சினை?

சுற்றியுள்ள கரிசல் மண்ணில் பருத்தி விளைகிறது. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. கூலிக்கு ஆள் மலிவாகக் கிடைக்கிறார்கள். 1880களின் இறுதியில் ஹார்விகள் இங்கே நூற்பாலை வைத்ததற்கு இந்த மூன்றுமே காரணம். 1908ல் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள்.

அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எவ்வளவு இருந்தது? 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 9 முதல் 14 வயது வரை உள்ள சிறுவர்கள் 7 மணி நேரம், பெண்கள் 11 மணி நேரம் வேலை செய்யலாம். வளர்ந்த ஆண்களுக்கு எந்த வரம்பும் இல்லை. விடிகாலையில் ஊதும் சங்குக்கு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வர முடியும். பஞ்சாலையில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்ற வரம்பே 1911 சட்டத்தில்தான் வந்தது.

வாரம் ஒரு நாள் ஓய்வு பற்றி 1891 சட்டம் பேசத்தான் செய்தது. ஆனாலும் 1908ல் கோரல் மில் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. எழுதி வைத்த சட்டத்துக்கும் மில் கேட்டுக்கும் நடுவில் அவ்வளவு தூரம்.

தொழிற்சங்கம் என்று ஒன்று அப்போது கிடையாது. முறையாக அமைந்த முதல் சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்க இன்னும் 10 வருஷம் இருந்தது. சங்கம் வைப்பது சட்டப்படி செல்லும் என்று சொன்ன தொழிற்சங்கச் சட்டம் 1926ல்தான் வந்தது. 1908ல் வேலையை நிறுத்தியவனுக்குப் பின்னால் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை, சேமித்து வைத்த பணமும் இல்லை. அன்றைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 27: வேலை நின்றது

அந்தச் சமயத்தில் தூத்துக்குடிக்கு வந்தவர் சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டைச் சேர்ந்தவர், 23 வயது, மேடையேறினால் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர். வ.உ.சி. அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். 1908 பிப்ரவரியில் இருவரும் கடற்கரையில் தொடர்ந்து கூட்டம் போட்டார்கள். மில் தொழிலாளி, துறைமுகக் கூலி, வண்டிக்காரர், கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கில் கூடினார்கள்.

முதலில் சுதேசி, சுயராஜ்யம் என்றுதான் பேச்சு. பிறகு மில்லின் கூலி, வேலை நேரம், லீவு ஆகியவையும் பேச்சில் வந்தன. பிப்ரவரி 23 அன்று வ.உ.சி. நேரடியாகக் கோரல் மில் தொழிலாளர்களின் நிலையைப் பற்றிப் பேசினார். நான்காம் நாள், 27ஆம் தேதி, தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை.

கோரிக்கைகள் சிக்கலானவை அல்ல. கூலியை உயர்த்த வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும். மற்ற லீவு வசதிகளும் வேண்டும். சுயராஜ்யம் என்ற பெரிய சொல்லோடு தொடங்கிய கூட்டம், மில் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமை என்ற சின்ன விஷயத்தில் வந்து நின்றது. அந்தச் சின்ன விஷயம்தான் ஆயிரம் பேரை ஒரே நாளில் வெளியே கொண்டுவந்தது.

வேலைநிறுத்தம் ஏன் உடையவில்லை?

இது முக்கியமான கேள்வி. கையில் பணம் இல்லாத தொழிலாளியை இரண்டு நாள் பட்டினி போட்டாலே போதும், மூன்றாம் நாள் தானாக வருவான் என்பது அன்றைய முதலாளிகளின் கணக்கு. பல இடங்களில் அது பலித்தும் இருக்கிறது. தூத்துக்குடியில் பலிக்கவில்லை. காரணம், ஊர்.

வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்வதை வ.உ.சி. முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். நிதி திரட்டினார். வக்கீல்களும் வியாபாரிகளும் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு ஊருக்குள்ளேயே வேறு வேலை ஏற்பாடு செய்யப்பட்டது. தினமும் சாயங்காலம் கூட்டம். யாரும் தனியாக வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்கு நேரமே விடவில்லை.

அதோடு இன்னொன்றும் நடந்தது. வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களோடு சேர்ந்து நின்றவர்களுக்கும் ஊர் தன் கையை மடக்கிக்கொண்டது. கடைக்காரர் சாமான் தர மறுத்தார். வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரத் தொழிலாளி பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோன கதை பிரபலம். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. இனிமேல் உனக்கு வேலை செய்ய மாட்டேன் என்று மட்டும் சொன்னார்கள்.

உப்பளத்திலும் கடலிலும் பஞ்சாலையிலும் உழைக்கிறவர்களை வைத்துத்தான் ஊர் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் எப்போதும் தெரிந்த விஷயம்தான். அது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அந்த 9 நாளில் ஊரே பார்த்தது.

அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ். திருநெல்வேலியில் கலெக்டர் விஞ்ச். கூட்டங்களைத் தடுக்கப் பார்த்தார்கள், கூடுதல் போலீஸைக் கொண்டுவந்தார்கள். ஆனால் வேலைக்குப் போகாமல் சும்மா இருப்பவனை என்ன சொல்லிப் பிடிப்பது?

மார்ச் 6: மில் இறங்கி வந்தது

மார்ச் 6 காலை மில்லின் தலைமைக் குமாஸ்தா வ.உ.சி.யைத் தேடி வந்தார். கோரிக்கைகளை ஏற்க நிர்வாகம் தயார் என்று சொன்னார். வ.உ.சி. தனியாகப் போகவில்லை. தொழிலாளர் 50 பேரையும் கூட்டிக்கொண்டுதான் மேலாளர்களைப் பார்க்கப் போனார்.

கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை மூன்றுக்கும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். செய்தி பரவியதும் ஊரில் இருந்த மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் தங்கள் ஆட்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுத்தன. கல்கத்தாவில் அரவிந்தர் நடத்திய பந்தே மாதரம் பத்திரிகை தூத்துக்குடியைப் பாராட்டி எழுதியது.

அந்த 50 பேரின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் மேலாளரின் அறைக்குள் கூலியாட்கள் போய் நின்று ஒப்பந்தம் பேசியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. வக்கீல் ஒருவரே போய்ப் பேசி முடித்திருக்க முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை.

6 நாள் கழித்து கைது

மார்ச் 9 அன்று வங்கத் தலைவர் விபின் சந்திர பாலுக்குச் சிறையிலிருந்து விடுதலை. அதைக் கொண்டாட ஊர்வலமும் கூட்டமும் நடத்த ஏற்பாடு நடந்தது. கலெக்டர் விஞ்ச் தடை போட்டார். தடையை மீறிக் கூட்டம் நடந்தது.

மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மாவட்டத்தை விட்டு வெளியேறினால் விட்டுவிடலாம் என்ற பேரத்துக்கு வ.உ.சி. இணங்கவில்லை.

மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டது. போலீஸ் சுட்டதில் 4 பேர் செத்தார்கள். 9 நாள் அமைதியாக நடந்த போராட்டத்துக்குப் பிறகு, தலைவர்கள் உள்ளே போன ஒரே நாளில் இப்படி ஆனது. இரண்டு ஊர் மக்கள் மீதும் தண்டப் போலீஸ் வரி விதிக்கப்பட்டது.

தூத்துக்குடியில் நடந்ததும் கவனிக்க வேண்டியது. ஒரு வாரத்துக்கு முன்தான் வேலைக்குத் திரும்பிய கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர், ஜட்கா வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்தத் தடவை கூலி கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை. தங்களுக்காக நின்ற ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் காரணம்.

இந்தியாவின் ஆரம்பகால அரசியல் வேலைநிறுத்தங்களில் இதுவும் ஒன்று. அதே ஆண்டு ஜூலை 22 அன்று திலகருக்கு 6 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய்த் தொழிலாளர்கள் 6 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லெனின்கூட அதைப் பற்றி எழுதினார். அதற்கு நான்கு மாதம் முன்பே தூத்துக்குடி அதைச் செய்து முடித்திருந்தது.

40 ஆண்டு தண்டனை

வழக்கு நீதிபதி பின்ஹே முன் நடந்தது. வ.உ.சி.க்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர்களில் பாரதியாரும் ஒருவர். கலெக்டர் விஞ்சும் வ.உ.சி.யும் எதிரெதிரே பேசுவதுபோல அவர் பாடல்களும் எழுதினார்.

1908 ஜூலை 7 தீர்ப்பு. ராஜத் துரோகத்துக்கு 20 ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. ஆக 40 ஆண்டு தீவாந்திர தண்டனை. அப்போது அவருக்கு வயது 35. சிவாவுக்கு 10 ஆண்டு. சில கூட்டப் பேச்சுகளுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லியே முகம் சுளித்தார்.

செய்தியைக் கேட்ட வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலை பாதித்தது, கடைசிவரை சரியாகவில்லை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. அந்தமானுக்கு அனுப்பாமல் இங்கேயே கடுங்காவலில் வைத்தார்கள். 1910 டிசம்பர் வரை கோயம்புத்தூர் சிறை, பிறகு கண்ணூர் சிறை.

கோயம்புத்தூரில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். மாடு இழுக்கிற எண்ணெய்ச் செக்கை வெயிலில் சுற்றிச் சுற்றி இழுத்தார். கல் உடைக்கிற வேலையும் இருந்தது. அதற்கு நடுவிலும் படித்தார், எழுதினார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைத் தமிழில் தந்தார். மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களும் அவருடையவை.

வெளியே ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. அவர் இல்லாத கம்பெனி தள்ளாடி, 1911ல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்றார். அப்போது ஆஷ் திருநெல்வேலி கலெக்டர்.

வெளியே வந்த பிறகு

1912 டிசம்பர் 24 அன்று விடுதலை. கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் 4 ஆண்டு 9 மாதம். கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம் அன்று சிறை வாசலில் இல்லை. சிவா தொழுநோயோடு வெளியே வந்திருந்தார்.

வக்கீல் சன்னது பறிக்கப்பட்டுவிட்டது. சொந்த மாவட்டத்துக்குப் போகவும் வழியில்லை. மனைவி மீனாட்சி அம்மாளோடும் பிள்ளைகளோடும் சென்னையில் குடியேறினார். மண்ணெண்ணெய்க் கடை, மளிகைக் கடை என்று என்னென்னவோ செய்து பார்த்தார், எதுவும் நிற்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி வழியாக வர வேண்டியிருந்தது. 347 ரூபாய் 12 அணா. அதற்காகப் பல கடிதங்கள் போய்வந்து, 1916ல்தான் கைக்கு வந்தது. லட்ச ரூபாய்க் கம்பெனி நடத்தியவர் அந்தத் தொகைக்குக் காத்திருந்தார் என்பதிலிருந்து வீட்டு நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த நிலைமையிலும் தொழிலாளர் பக்கத்தை அவர் விடவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, திரு.வி.க. போன்றவர்களோடு பெரம்பூர்ப் பக்கம் தொழிலாளர் கூட்டங்களில் வ.உ.சி.யும் பேசினார். பிறகு கோயம்புத்தூரிலும் தொழிலாளர் வேலையில் இருந்தார்.

நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் தொழில் செய்து, 1932ல் மறுபடி தூத்துக்குடிக்கே வந்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பியப் பதிப்பில் உழைத்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. வயது 64. அவர் எழுதி வைத்த உயிலில் கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளும் இருந்தன.

இது அகிம்சைப் போராட்டமா?

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். வ.உ.சி. காந்தியவாதி அல்ல. திலகரைத் தலைவராக ஏற்றவர். 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபோது திலகர் பக்கம் நின்றார். 1920ல் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்க முடியாமல் காங்கிரஸிலிருந்து விலகியவர். அகிம்சையை ஒரு விரதமாக அவர் எடுத்துக்கொண்டதில்லை.

ஆனால் கோரல் மில்லில் அவர் கையாண்ட முறையைப் பாருங்கள். தெளிவான சில கோரிக்கைகள். வேலை செய்ய மறுப்பது. ஊர் ஒத்துழைக்க மறுப்பது. போராடுகிறவனின் வயிற்றுக்கு வழி செய்வது. கடைசியில் உட்கார்ந்து பேசி முடிப்பது. சத்தியாக்கிரகம் என்ற சொல்லே தென்னாப்பிரிக்காவில் 1908 ஜனவரியில்தான் பிறந்தது. அடுத்த மாதமே அந்தப் பெயர் இல்லாமல் தூத்துக்குடியில் அதன் பெரும்பகுதி நடந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவை நமக்குத் தெரியும். 1917ல் சம்பாரணில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட விவசாயிகள், 1918ல் கேடாவில் வரி கட்ட மறுத்த விவசாயிகள். சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1918 பிப்ரவரி, மார்ச்சில், அகமதாபாத் மில் வேலைநிறுத்தம். அங்கே தொழிலாளர்கள் சோர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் இருந்தார், 35 சதவீத உயர்வு கிடைத்தது. சோர்வை எப்படித் தாங்குவது என்பதுதான் எல்லா வேலைநிறுத்தத்துக்கும் கஷ்டமான இடம். தூத்துக்குடி அதற்கு ஊர்ச் சோற்றை வைத்துப் பதில் சொன்னது.

இதன் குறையும் அதே கதையில் இருக்கிறது. 9 நாள் கட்டுப்பாடாக இருந்த கூட்டம், தலைவர்களை எடுத்ததும் மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் தீயாக மாறியது. இரண்டு பேர் பேச்சில் நின்ற இயக்கம் அது. அவர்கள் போனால் அடுத்து நடத்த ஒரு சங்கம் இல்லை, ஒரு வரிசை இல்லை. கப்பல் கம்பெனிக்கும் இதேதான் நடந்தது. தலைவரைப் பிடித்தால் போதும் என்ற அரசின் கணக்கு அந்தமட்டில் சரியாக இருந்தது. பிற்காலத் தொழிற்சங்கங்கள் உறுப்பினர், சந்தா, நிர்வாகக் குழு என்று பொறுமையாகக் கட்டியதற்கு இந்த அனுபவங்களும் காரணம்.

இன்று ஏன் இதைப் பேச வேண்டும்?

1972ல் வ.உ.சி.க்கு நூற்றாண்டு தபால்தலை வந்தது. 2011ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அவர் இழுத்த செக்கு நினைவுச் சின்னம் ஆனது. ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் மாலை போடுகிறார்கள். எல்லாமே கப்பலையும் செக்கையும் சுற்றித்தான்.

வேலைநிறுத்தத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டோம். அதைத் தள்ளினால் கூடவே போவது கோரல் மில்லின் ஆயிரம் பேரும்தான். கப்பல் கதையில் ஒரே ஒரு வீரர் போதும். வேலைநிறுத்தக் கதைக்கு நிறையப் பேர் வேண்டும்: வேலைக்குப் போகாதவர், அவருக்குச் சோறு போட்டவர், கத்தியை மடக்கிய சவரத் தொழிலாளி, வண்டியை அவிழ்த்துவிட்ட ஜட்காக்காரர். அவர்கள் இல்லாமல் வ.உ.சி. கடற்கரையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், அவ்வளவுதான்.

இந்தக் கரையில் அந்த முறை மறைந்துவிடவில்லை. கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு பெரியதாழை மீனவர்கள் கடலுக்குப் போகாமல் போராடியது நினைவிருக்கும். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் வருமானம் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் படகைக் கரையில் நிறுத்துகிறார்கள். உப்பளத் தொழிலாளிக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் அதே கணக்குதான்.

அந்த நாட்களில் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று பக்கத்து ஊர்க்காரர் கேட்கிறாரா என்பதுதான் கேள்வி. 1908ல் தூத்துக்குடி கேட்டது, 9 நாளில் மில் இறங்கி வந்தது. அந்தக் கேள்வியை முதலில் கேட்ட வக்கீலுக்கு 4 ஆண்டு 9 மாதச் சிறையும், போன தொழிலும், மூடிய கம்பெனியும் கிடைத்தன. கோரல் மில் தொழிலாளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.